முதலில் வரைந்தவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தப்பாக வரைந்ததெல்லாம் எங்கே?

கரித்துண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 11 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். 6 வயதிலிருந்து 10 வயது வரை உள்ளவர்கள். போன வாரம் வகுப்பில் ஒரு 7 வயதுக்காரி கேட்ட கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. குகை ஓவியங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிரான்சின் ஷோவே குகையில் உள்ள குதிரைகள் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான்கு குதிரைத் தலைகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கிவரும். கடைசிக் குதிரை வாயைத் திறந்திருக்கும். தாடைக்கு அடியில் கரியை விரலால் தேய்த்து மங்கவிட்ட நிழல் ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே இரண்டு காண்டாமிருகங்கள் கொம்போடு கொம்பு மோதிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தாடை நிழலை என் வகுப்பின் மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்கு இரண்டு வருடம் ஆகிறது. இது வரையப்பட்டுச் சுமார் 36,000 வருடம் ஆகிறது என்று சொன்னேன்.

அவள் எழுந்து போய், மூக்கு தாளில் உரசுகிற மாதிரி நின்று பார்த்தாள்.

"இவங்களுக்கு யார் மிஸ் சொல்லிக்கொடுத்தாங்க?"

"யாரும் இல்லம்மா. அவங்களே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்படின்னா மொதல்ல தப்பாத்தானே வரைஞ்சிருப்பாங்க? அந்தத் தப்பெல்லாம் எங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. ஒரு குதிரை சரியாக வருவதற்குள் என் பிள்ளைகள் கசக்கிப் போடும் தாள்களை நான்தான் தினமும் பொறுக்குகிறேன். கோணல் கால், கழுத்தே இல்லாத மாடு, ஒரே பக்கத்தில் இரண்டு கண். அதையெல்லாம் தாண்டித்தான் எந்தக் கையும் வரும். ஷோவேயில் வரைந்த கை மட்டும் எப்படி முதல் நாளே தேர்ந்த கையாக இருக்கும்?

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். ஸ்பெயினில் அல்டமிரா குகைக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 1879இல் மார்செலினோ சான்ஸ் தெ சௌதுவோலா என்பவர் தரையைத் தோண்டிக் கற்கருவிகள் தேடிக்கொண்டிருந்தார். கூட வந்த 8 வயது மகள் மரியாதான் நிமிர்ந்து பார்த்து, கூரையில் எருதுகள் இருக்கின்றன என்று சொன்னாள். அவர் 1880இல் அதை வெளியிட்டார். அறிஞர்கள் நம்பவில்லை. ஆதி மனிதனுக்கு இவ்வளவு நன்றாக வரைய வராது என்பதுதான் அவர்கள் பிடித்த பிடி. மோசடி என்றுகூடப் பேசினார்கள். அவர் 1888இல் அந்தப் பழியோடேயே இறந்துபோனார். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான எமில் கார்தையாக் தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியது 1902இல்தான். அந்த மனிதர் உயிரோடிருக்கும்போதே ஒருவராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். பழகும்போது வரைந்த படங்கள், தப்பாகப்போன படங்கள் எங்காவது கிடைத்திருக்கின்றனவா? அடுத்த வாரம் அந்தப் பிள்ளையிடம் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். அவள் மறக்கிற ரகம் இல்லை.

குகைவழி எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவி கேட்டது தொல்லியலில் நூறு வருடம் ஓடிய கேள்வி. அவளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் பாறை படித்தவன். சுண்ணாம்புக்கல் குகைகளில் நீர் எப்படி ஓடுகிறது என்று அளப்பது என் வேலை. அதனால் சுவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மோசமாக வரைந்தவை பழையவை, நன்றாக வரைந்தவை பிந்தியவை என்றுதான் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். ஆந்த்ரே லெருவா-குரான் அப்படித்தான் நான்கு பாணிகளாக அடுக்கினார். எளிய கோட்டில் தொடங்கிப் படிப்படியாகத் தேர்ச்சி ஏறுவதாக ஒரு வரிசை. 1994 டிசம்பரில் ஷோவே குகை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் படங்களின் கரியிலேயே துளி எடுத்துக் காலம் பார்த்தார்கள். பிரான்சின் இன்னொரு குகையான லாஸ்கோவின் ஓவியங்களுக்குச் சுமார் 17,000 வருடம் என்றால், ஷோவேயின் பழைய படங்கள் அதைவிட இரண்டு மடங்கு பழையவை என்று வந்தது. வரிசை அங்கேயே உடைந்தது. சிலர் கணக்கையே சந்தேகித்துப் பல வருடம் வாதாடினார்கள். அல்டமிராவில் நடந்ததுதான் திரும்பவும்: இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இவ்வளவு பழையதாக எப்படி இருக்கும்?

அடுத்த விஷயம், நம்மிடம் இருக்கும் வயதெல்லாம் எப்படிக் கிடைத்தவை என்பது. கரியால் வரைந்திருந்தால் கார்பன் 14 முறையில் பார்க்கலாம். அதுவும் சுமார் 50,000 வருடம் வரைதான். அதைத் தாண்டினால் எல்லாம் சிதைந்துபோய், அளக்கும் அளவுக்குக் கார்பன் 14 மிச்சம் இருக்காது. காவிக்கல்லால் வரைந்திருந்தால் அதுவும் முடியாது, காவி என்பது இரும்புத்துரு. அப்போது நாங்கள் படத்தை விட்டுவிட்டு, படத்தின் மேல் படிந்த சுண்ணாம்பைப் பார்ப்போம். குகைக்குள் கசியும் நீரில் யுரேனியம் கரைந்திருக்கும், தோரியம் கரையாது. படிவு உறைந்த பிறகு அதற்குள் இருக்கும் யுரேனியம் சிதைந்து தோரியம் ஆகிறது. எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தப் படிவு உறைந்து எத்தனை காலம் என்று தெரியும். கவனியுங்கள், அது படிவின் வயது. படம் அதற்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதைக் கல் சொல்லாது.

இந்த முறையில்தான் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் 2014இல் ஒரு கை அச்சுக்குக் குறைந்தது 39,900 வருடம் என்று வந்தது. 2021இல் ஒரு காட்டுப்பன்றிக்கு 45,500. 2024இல் லியாங் கரம்புவாங் குகையில் ஒரு பன்றியும் அதைச் சுற்றி மூன்று மனித உருவங்களும் உள்ள காட்சிக்கு 51,200. பத்தே வருடத்தில் தொடக்கம் 11,000 வருடம் பின்னால் போய்விட்டது! நாம் அளக்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம். ஓவியம் அங்கேயேதான் இருந்தது.

குகை எப்படிப்பட்ட இடம் என்பதையும் யோசியுங்கள். வெளிப்பாறையில் வரைந்தால் மழை, வெயில், பாசி, உப்பு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆழ்குகையில் வெப்பநிலை வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷோவேயின் பழைய வாசல் சுமார் 21,500 வருடத்துக்கு முன் பாறை சரிந்து மூடிக்கொண்டது. அதனால்தான் அந்தக் கரி நேற்றுத் தேய்த்த மாதிரி இருக்கிறது. அந்த மனிதர்கள் வரைந்ததெல்லாம் நம்மிடம் இல்லை. பாறை மூடிப் பாதுகாத்தது மட்டும்தான் இருக்கிறது. யாராவது கற்றுக்கொள்வதற்கென்று தீப்பந்தம் ஏந்திக்கொண்டு அவ்வளவு ஆழத்துக்குள் போவார்களா? வெளியே, வெளிச்சத்தில், கைக்குக் கிடைத்ததில் பழகியிருப்பார்கள். அது நமக்குக் கிடைக்காது.

இன்னும் பழையதும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு கல் சில்லு. அதில் காவித்துண்டால் இழுத்த ஆறு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள். வயது சுமார் 73,000. கோடுகள் சில்லின் விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகின்றன. அதாவது பெரிய கல்லில் வரைந்தது உடைந்து இந்தத் துண்டு மட்டும் நமக்கு வந்திருக்கிறது. அதே குகையில் இரண்டு பெரிய கிளிஞ்சல்களில் காவி, கரி, நசுக்கிய எலும்பு எல்லாம் சேர்த்துக் குழைத்த மிச்சம் கிடைத்தது. அதற்கு 1,00,000 வருடம். குழைத்து வைத்ததை எதில் பூசினார்கள்? தோலிலா, உடம்பிலா, மரத்திலா? பூசிய இடம் போய்விட்டது, கிளிஞ்சல் இருக்கிறது.

நிழல் எழுதியது:

மணல்லதான் பழகியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. ஆத்தோரம் போனா எந்தக் குழந்தையும் ஒரு குச்சியை எடுத்துக் கோடு இழுக்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அலை வந்தா போச்சு, அடுத்தது வரையலாம். 36,000 வருஷத்துல எத்தனை அலை.

என் பையனுக்கு ரெண்டு வயசுல சிந்தின பால்ல விரலை வெச்சு வட்டம் போட்டான். அதுதான் அவனோட முதல் படம். நான் துடைச்சுட்டேன். இந்தத் திரியைப் படிச்சதுல இருந்து அது ஞாபகம் வந்துட்டே இருக்கு.

கரித்துண்டு எழுதியது:

குகைவழி ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கிளிஞ்சலை அவளிடம் கட்டாயம் சொல்வேன். ஆனால் "எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒன்றே ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்பாள். எனக்கும் அதே ஆசைதான்.

செம்மண் எழுதியது:

இருக்கிறது அக்கா, நிறையவே இருக்கிறது. நாம்தான் சுவரையே பார்த்துக்கொண்டு தரையை விட்டுவிடுகிறோம்.

கையில் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவிலான தட்டைக்கற்கள். அதில் கல்முனையால் கீறிக் கீறி வரைந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் பார்பாய்யோ குகையில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட கற்கள். பிரான்சில் லிமை என்ற இடத்தில் நூற்றுக்கும் மேல் எடுத்தார்கள். தோண்டியவர்களே அதை ஓர் ஓவியப் பட்டறை என்று எழுதினார்கள். சில கற்களில் ஒரே மூச்சில் இழுத்த கலைமான் முதுகு, சிலவற்றில் தடுமாறித் தடுமாறி, திரும்பத் திரும்ப இழுத்த கோடு. ஒரு மிருகத்தின் மேலேயே இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் போலத்தான் இருக்கும். உங்கள் மாணவி தேடுவது அதுதான். 2022இல் மோந்தஸ்த்ரூக் என்ற இடத்துக் கற்கள் 50ஐ ஆராய்ந்தார்கள். விளிம்பெல்லாம் நெருப்பில் சுட்டுச் சிவந்திருந்தன. அடுப்பங்கரையில், தீயோரம் உட்கார்ந்து கீறியிருக்கலாம் என்கிறார்கள். தீ ஆடும்போது கோடுகளும் ஆடுமல்லவா!

நான் பழைய சுவர்ப்பூச்சுகளைச் செப்பனிடும் வேலை செய்கிறவன். கல்லும் காவியும் தினமும் கையில் புழங்குகின்றன. குகை ஓவியம் எப்படி வரைந்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள நானே செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

காவிக்கட்டியைத் தட்டைக்கல்லில் வைத்துத் தண்ணீர் தெளித்து அரைத்தேன். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். அரைமணி நேரம் ஆனால் அந்தச் சத்தம் தணிந்து, சந்தனம் இழைக்கிற மாதிரி ஒரு வழுவழுப்பு வரும். காதை வைத்தே பதம் சொல்லிவிடலாம். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு நான்கு நாள் போகவில்லை. ஒரு சொரசொரப்பான சுண்ணாம்புப் பாறைப் பலகையை நிறுத்திவைத்து, அறையை இருட்டாக்கி, ஒரு குழிந்த கல்லில் மிருகக் கொழுப்பை வைத்துத் திரி ஏற்றினேன். லாஸ்கோவில் அப்படி ஒரு மணற்கல் விளக்கு, கைப்பிடியோடு, கிடைத்திருக்கிறது.

அந்த வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகாது. கொஞ்சம் தள்ளினால் இருட்டு. அதனால் நான் வரைந்துகொண்டிருந்த எருதின் தலையைப் பார்த்தபோது வால் தெரியவில்லை, வாலுக்குப் போனால் தலை தெரியவில்லை. முழு உருவத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இழுக்க வேண்டியிருந்தது. லாஸ்கோவின் மிகப் பெரிய எருது 5 மீட்டருக்கு மேல் நீளம். அதை வரைந்தவர் எந்த நேரத்திலும் அதை முழுசாகப் பார்த்திருப்பாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் கரி. தாளில் வரைகிற மாதிரி விரலையும் மணிக்கட்டையும் ஆட்டினால் பாறையில் கோடு விழாது. குண்டுகுழியில் தத்தித் தத்திப் போய் அறுந்துவிடும். தோளிலிருந்து இழுக்க வேண்டும், மெதுவாக, அழுத்தி, நிறுத்தாமல். அழிக்கவும் முடியாது. ஈர மண்ணை வைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் பரவுகிறது. அந்தப் பரவலைத்தான் ஷோவேயில் நிழலாக மாற்றியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. குதிரைகளை வரைவதற்கு முன் சுவரைச் சுரண்டி வெள்ளை ஏற்றியிருக்கிறார்கள். சுரண்டியவன் தரையில் விழுந்ததை மிதித்துக்கொண்டு நின்றுதான் முதல் கோடு போட்டிருப்பான், இல்லையா?

இப்போது உங்கள் கேள்விக்கு என் பதில். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். பாறையில் ஒரு புடைப்பு இருந்தது. அதுவரை எனக்கு அது வெறும் தொந்தரவு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் அது ஒரு மிருகத்தின் முதுகுத் திமில் ஆகிவிட்டது. நான் எதுவும் வரையவில்லை, அது அங்கே நின்றது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு கண், ஒரு கொம்பு, வயிற்றுக்கு ஒரு கோடு. அல்டமிராவின் பைசன் எருதுகள் பல கூரையின் புடைப்புகளில்தான் படுத்திருக்கின்றன. பெஷ் மெர்ல் குகையில் சுமார் 29,000 வருடப் பழமையான புள்ளிக் குதிரைகள் உண்டு. வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறை விளிம்பே குதிரைத் தலை மாதிரி வெட்டுண்டிருக்கிறது. வரைந்த தலை அதற்குள் சின்னதாக இருக்கும். யார் முதலில் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாளே, சுவர் என்று சொல்லுங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

அந்தக் குதிரைகளின் புள்ளிகள் வாயில் சாயத்தை வைத்து ஊதியவை. மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற ஆய்வாளர் தானே கரியை மென்று துப்பி அதே படத்தை இன்னொரு சுவரில் செய்து காட்டினார். பிள்ளைகளோடு செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். அக்காலத்துக் கறுப்புச் சாயங்களில் ஒன்றான மாங்கனீசு நஞ்சு. அவரே அதைத் தொடாமல் கரியைத்தான் எடுத்தார். அந்தப் புள்ளிகள் வெறும் கற்பனை என்று பலர் நினைத்தார்கள். 2011இல் பழைய குதிரை எலும்புகளின் மரபணுவைப் பார்த்தபோது அக்காலத்தில் புள்ளிக் குதிரைகள் நிஜமாகவே இருந்தது தெரிந்தது.

வெண்கோடு எழுதியது:

செம்மண் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தத் திமில் என் கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. "தப்பு" என்ற சொல்லை நாம் எல்லோரும் கேள்வி கேட்காமலே எடுத்துக்கொண்டோம்.

லாஸ்கோவில் கிணறு மாதிரி இறங்கும் ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு பைசன் எருது, வயிறு கிழிந்து குடல் தொங்க, ரோமம் சிலிர்த்து நிற்கிறது. ஒவ்வொரு கோடும் உயிரோடு இருக்கும். அதன் முன்னால் ஒரு மனிதன் சாய்ந்து கிடக்கிறான். குச்சி உடம்பு, குச்சிக் கை, கைக்கு நாலு விரல், பறவைத் தலை. ஐந்து வயதுப் பிள்ளை வரைந்த மாதிரி. இரண்டும் ஒரே காட்சி. பைசனை அப்படி வரையத் தெரிந்தவருக்கு ஒரு மனிதனை வரையவா தெரியாது? அவர் வேண்டுமென்றே அப்படி வரைந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஷோவேயிலும் முழு மனித உருவம் கிட்டத்தட்ட இல்லை. சிங்கமும் காண்டாமிருகமும் குகைக்கரடியும் அவ்வளவு நுட்பமாக இருக்க, மனிதன் என்று வந்தால் கை அச்சும் புள்ளியும்தான். அப்படியானால் தத்ரூபமாக வரைவது அவர்களுக்கு இலக்கே இல்லாத இடங்களும் இருந்திருக்கின்றன. நாம் தப்பு என்று பொறுக்கி எடுக்கும் கல்லில் அவர்களுக்கு எந்தத் தப்பும் தெரிந்திருக்காது.

புளோம்போஸ் கோடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த மிருகத்தைப் போலவும் இல்லை. கலை என்பது ஒன்றைப் பார்த்து அதே போல் செய்வதில்தான் தொடங்கியது என்று ஏன் நினைக்க வேண்டும்? கோட்டைக் கோடு வெட்டும்போது வருகிற மகிழ்ச்சியே போதாதா?

ஏன் வரைந்தார்கள் என்பதற்கும் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விளக்கம் வைத்திருந்தது. வேட்டை பலிக்கச் செய்யும் மந்திரம் என்றார் ஆன்ரி புரூய். லாஸ்கோ காலத்தில் அங்கே தின்று போட்ட எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானுடையவை, சுவரிலோ பனிமான் இல்லை என்றே சொல்லலாம். மந்திரம் என்றால் தின்பதையல்லவா வரைந்திருக்க வேண்டும்? பிறகு ஆண்-பெண் குறியீடு என்றார்கள், சாமியாடிகள் மயக்கத்தில் கண்ட காட்சி என்றார்கள். ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை.

டீச்சருக்கு உதவக்கூடிய ஒன்று சொல்கிறேன். பிரான்சின் ரூஃபிஞாக் குகை. எட்டு கிலோமீட்டர் நீளம், மாமத யானைப் படங்களுக்குப் பேர்போனது. சுவரிலும் கூரையிலும் மெத்தென்ற படிவு இருக்கும் இடங்களில் விரல்களை வைத்து இழுத்த தடங்கள் ஏராளம். கெவின் ஷார்ப், லெஸ்லி வான் கெல்டர் என்ற இருவர் அந்தத் தடங்களில் நடு மூன்று விரல்களின் அகலத்தை அளந்தார்கள். பல தடங்கள் குழந்தைகளுடையவை. அதிகம் இழுத்தவர்களில் ஒருத்திக்கு ஐந்து வயது இருக்கும், பெண் குழந்தை என்று கணிக்கிறார்கள். அவற்றில் சில தடங்கள் ஒரு குழந்தை நின்றால் எட்டவே முடியாத உயரத்தில், கூரையில்.

கரித்துண்டு எழுதியது:

வெண்கோடு, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்று இரவு நான் வேறு எதுவும் படிக்கவில்லை. நேற்று வகுப்பு நடந்தது. என்ன ஆயிற்று என்று எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன்.

ஜன்னல்களைத் துணி போட்டு மூடினேன். பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கி, முழுதாகப் பிரிக்காமல் மேடும் பள்ளமுமாகச் சுவரில் ஒட்டினேன். ஒரே ஒரு சின்ன விளக்கு, தரையோரம். பிள்ளைகள் முதலில் கத்தினார்கள், பிறகு தானாகவே குரல் தணிந்தது. வரையாதீர்கள், ஐந்து நிமிடம் பார்க்க மட்டும் செய்யுங்கள் என்றேன். விளக்கை நானே மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பையன், "அங்க ஒரு ஆமை" என்றான். அதன்பின் அறை முழுக்க மிருகங்கள். வழக்கமாகக் குதிரை என்றால் காலிலிருந்து தொடங்கிச் சிக்கிக்கொள்கிற பிள்ளை நேற்று ஒரு மடிப்பை முதுகாக வைத்துக்கொண்டு, நாலே கோட்டில் முடித்து இறங்கிவிட்டான்.

அவள் மட்டும் கரியைத் தொடவில்லை. கற்களைப் பற்றிச் சொன்னேன், அடுப்போரம் உட்கார்ந்து கீறியதைச் சொன்னேன். "அப்ப தப்பு இருக்கு" என்றாள், நிம்மதியாக. வெண்கோடு எழுதியதை நினைத்துக்கொண்டு, அவர்களுக்கு அது தப்பாகத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "திரும்பத் திரும்ப இழுத்திருக்காங்கள்ல மிஸ், அப்ப தெரிஞ்சிருக்கு" என்றாள். இதற்கு வெண்கோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ரூஃபிஞாக் குழந்தையைச் சொன்னேன். உன்னைவிடச் சின்னவள், ஐந்து வயது, கூரையில் விரலால் கோடு போட்டிருக்கிறாள் என்று. உடனே கேட்டாள்:

"எப்படி எட்டுச்சு?"

"யாரோ தூக்கிப் பிடிச்சிருக்கணும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

கசக்கிய தாள் ஒன்றை உத்தரத்துக்குக் கீழே ஒட்டியிருந்தேன், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக. அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தாள். மூன்று விரலையும் கரிப்பொடியில் தோய்த்துக்கொண்டு தாளில் வைத்தாள். நான் அசையாமல் நின்றால் கோடு ஒரு சாண்கூட நீளவில்லை. "அந்தப் பக்கம் மிஸ்" என்றாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன், கோடு நீண்டது. இன்னோர் அடி. என் முழங்கால் மடங்கிய இடத்தில் கோடு கீழே இறங்கிற்று, நிமிர்ந்த இடத்தில் ஏறிற்று. கரிப்பொடி என் கண்ணிமையில் விழுந்துகொண்டே இருந்தது. இறக்கிவிட்ட பிறகு இரண்டு பேரும் தலையை அண்ணாந்து பார்த்தோம். மூன்று கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், நான் தடுமாறிய ஓர் இடத்தில் மட்டும் லேசாக நெளிந்து.

"அங்க தப்பாயிருச்சு" என்றாள். "இன்னொரு தடவை தூக்குங்க."